கோவிந்தம்மாவின் முகமும் இஸ்திரி வண்டியும்

தெருச் சுவரில் படம் வரைவது நல்ல தொழில். சுவருக்குச் சொந்தக்காரர், போகிறவர், வருகிறவர் அத்தனை பேருக்கும் அதில் கருத்துச் சொல்ல உரிமை உண்டு, வரைகிறவரைத் தவிர. ஏணி மேல் நின்று கழுத்துவலியைச் சம்பாதித்த சக ஜீவன்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கட்டம் போடுகிறவளும் போடாதவனும்

நான் கிருஷ்ணகிரிக்காரி. பெங்களூரில் சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றில் டெஸ்டிங் வேலை பார்த்தேன். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்தே சலித்துப்போய், இனி என் தப்பை நானே செய்யலாம் என்று இந்தப் பக்கம் வந்தவள். கூட்டாளி நாகராஜ், பெங்களூர் அடுகோடியில் வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் ஷெட்டிலிருந்து வந்தவன். நான் சுவர் முழுக்க சாக்பீஸால் கட்டம் போட்டு, போட்டோவைப் பார்த்துப் பார்த்து பிரஷ்ஷோடு நகர்வேன். அவன் கட்டமும் போடமாட்டான், போட்டோவும் பார்க்கமாட்டான். ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுத்தால் சாயங்காலத்துக்குள் வானம், மேகம் எல்லாம் தயார். ஒரே குறை, அவன் மேகங்கள் புதுக் காரின் பானெட் மாதிரி பளபளக்கும்.

தொம்மலூரில் ஒரு சந்தில், குடியிருப்போர் சங்கம் ஒரு பெரிய சுவரை எங்களுக்குக் கொடுத்தது. கீழே என் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்று சொன்ன முதல் சுவர். பயத்தில் நாள் கணக்காகக் கட்டம் போட்டுக்கொண்டே இருந்தேன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த நாகராஜ் ஏணிக்குக் கீழே நின்று சொன்னான்: "டீச்சரம்மா, செவுத்துக்குக் கணக்குப் பாடம் எடுத்தது போதும், படத்தை ஆரம்பிங்க."

நீல மூக்கு

அந்தச் சுவரை ஒட்டித்தான் கோவிந்தம்மாக்காவின் இஸ்திரி வண்டி நிற்கும். பெட்டியில் கரியை ஊதிக்கொண்டே தமிழ், கன்னடம், உருது மூன்றிலும் வாடிக்கையாளர்களை அதட்டுவார். இந்த முகத்தை விட்டுவிட்டு வேறு எதை வரைவது? கேட்டதும் வெட்கப்பட்டார். பிறகு தலை வாரி, பொட்டை மாற்றி வைத்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றார்.

மூக்கு, கன்னம் என்று நிழல் விழும் இடத்திலெல்லாம் முதலில் நீலம் அடித்துவிட்டு, அதன் மேல் தோல் நிறத்தை ஏற்றுவது என் வழக்கம். இதை முன்கூட்டியே யாரிடமும் சொல்லி வைக்காதது எங்கள் தொழிலுக்கே உரிய முட்டாள்தனம். நீலத்தோடு நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தால் வண்டியைச் சுற்றிக் கூட்டம். ஆளாளுக்கு உடம்பைப் பற்றி விசாரிக்கிறார்கள், ஒருத்தர் நல்ல டாக்டர் பேர்கூடச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கோவிந்தம்மாக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்: "ஏம்மா, நான் நல்லாத்தானே கீறேன்? எதுக்குச் செத்தவ மாதிரி நீலமா அடிச்சு வெச்சிருக்கே?"

செயலாளர் சந்தேகம்

முடித்துவிட்டுக் கீழே இறங்கிப் பார்த்தபோது, நம்புங்கள், எனக்கே பிடித்திருந்தது. இரண்டு மாடி உயர முகம், ஓரக்கண்ணில் ஒரு நக்கல் சிரிப்பு, பின்னால் நாகராஜின் பளபள மேகம். பக்கத்து ஆபீஸ் கூட்டமெல்லாம் மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு செல்ஃபி எடுக்க வந்தது. சங்கத்துச் செயலாளர் அரசாங்க வேலையில் ரிட்டயர் ஆனவர், பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். கன்னடத்தில் பாதியும் தமிழில் பாதியுமாகப் புகழ்ந்து தள்ளினார். அடுத்த வாரம் அவரே கோவிந்தம்மாக்காவைக் கூப்பிட்டு, செல்ஃபி எடுத்தால் வண்டி படத்தை மறைக்கிறது, வேறு எங்காவது கொண்டுபோ என்றார்.

வேறு எங்கே போவது? அடுத்த சந்தில் ஏற்கெனவே ஒருவர் இஸ்திரி போடுகிறார். இந்தச் சந்து வீடுகளை நம்பித்தான் கோவிந்தம்மாக்கா வீட்டில் அடுப்பு எரிகிறது. எனக்கு வந்த கோபத்துக்கு நேரே செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டேன். "சார், அவங்க படத்துக்காக அவங்களையே துரத்துறது நியாயமா?" என்றேன். அவர் கெட்டவர் இல்லை, நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார்: "அதான் படத்துல இருக்காங்களே மேடம், நேர்ல வேற எதுக்கு?"

சாம்பல் பூச்சு

கோவிந்தம்மாக்கா வண்டியைப் பெரிய ரோட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் பார்த்தார். ஆட்டோவும் பஸ்ஸும் அங்கே ஒதுங்கக்கூட விடவில்லை. இதற்குள் சந்தில் பாதி வீடுகள் போனிலேயே ஆர்டர் போட்டுத் துணியை வேறு ஆளுக்குக் கொடுக்க ஆரம்பித்துவிட்டன. கோவிந்தம்மாக்கா என்னிடம் வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார், அந்த முகத்தை எடுத்துவிட முடியுமா என்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்காகப் பாதி, என் படத்துக்காகப் பாதி.

நாகராஜ் உடனே போய்ப் பெயின்ட் டப்பாவைத் திறந்தான். சாம்பல் நிற ப்ரைமரைக் கலக்கினான். நான் நெற்றியிலிருந்து ஆரம்பித்தேன். கண் வரைக்கும் வந்ததும் பிரஷ்ஷை நாகராஜிடம் கொடுத்துவிட்டேன், கண்களை அவன்தான் அடித்து முடித்தான். செயலாளர் ஓடி வந்து கத்தினார். இந்த ஏரியாவில் இனி உனக்குச் சுவரே கிடையாது என்றார், சொன்னபடியே செய்தும் காட்டினார். ஆனால் வெறும் சாம்பல் சுவரோடு செல்ஃபி எடுக்க யார் வருவார்கள்? மறைப்பதற்கு ஒன்றும் இல்லாததால் வண்டி பழைய இடத்துக்கே திரும்பி வந்ததையும் யாரும் கேட்கவில்லை. மெல்ல மெல்லத் துணிகள் திரும்பி வந்தன.

போன வாரம் அந்தப் பக்கம் போயிருந்தேன். படம் போனதில் வருத்தமா அக்கா என்று மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன். ஒரு காலரின் மேல் பெட்டியை அழுத்திக்கொண்டே சொன்னார்: "நல்லாத்தான் இருந்தா கண்ணு. ஆனா அவ ஒரு சட்டைகூடத் தேய்ச்சுக் குடுக்கலியே."

பெங்களூரில் வரைவதற்குச் சுவர் கிடைப்பதில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தவள் நான். சுவருக்குக் கீழே நிற்க இடம் கிடைப்பது அதைவிடக் கஷ்டம் என்று இப்போது புலம்பலைத் திருத்திக்கொண்டுவிட்டேன்.