கத்தரிப்பூ நிழல்

எம்.ரெட்டியபட்டியில் இரண்டு ஏக்கர் கரிசல் வைத்திருந்தும், மழையை நம்பி உலை வைக்க முடியாமல் அருப்புக்கோட்டைப் பல் ஆஸ்பத்திரி ஒன்றில் கூட்டித் துடைக்கப் போனவள் செல்வலட்சுமி.

ஆவணியில் டாக்டரம்மா வரவேற்பறையில் பெரிய படம் ஒன்றை மாட்டினார். வெளிநாட்டு ஓவியத்தின் அச்சு. வெட்டவெளியில் இரண்டு வைக்கோல் படப்பு, அவ்வளவுதான். துடைக்கக் கிட்டே போனவளுக்குத் திட்டுத்திட்டாகச் சாயம்தான் தெரிந்தது. வாளியோடு வாசல்வரை போய்த் திரும்பினாள். திட்டுகள் கூடிப் படப்பாகி, அதன்மேல் வெயில் விழுந்திருந்தது!

ஆனால் படப்பின் நிழல் ஊதாவாக இருந்தது.

"ஏத்தா ஜீவிதா, நெழலு கருப்பால்ல இருக்கும்?"

நோயாளிகளுக்குச் சீட்டுப் போடும் ஜீவிதா போனிலிருந்து நிமிரவில்லை. "வரைஞ்சவருக்கு அப்பிடித் தோணியிருக்குக்கா."

செல்வலட்சுமியால் அப்படி விட முடியவில்லை. படப்பை இவ்வளவு சரியாகப் பார்த்த மனுஷன் நிழலில் மட்டும் ஏன் பொய் சொல்லணும்? பஸ்ஸிலிருந்து வேலிக்கருவை நிழல்களைப் பார்த்தாள்; ஒன்றும் கண்ணில் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் வண்டிகளின் நிழலைப் பார்த்தாள். கருப்புதான்.

ஞாயிற்றுக்கிழமை இருப்புக் கொள்ளவில்லை. கொல்லையில் இருந்த சோளத்தட்டைப் படப்பைக் காலையில் ஒரு தரம், உச்சியில் ஒரு தரம் போய்ப் பார்த்தாள்.

"என்ன, பாம்பு கீம்பு கண்டியா?" என்றான் புருஷன் உக்கிரபாண்டி.

"இல்லங்க, நெழலப் பாக்குறேன்."

அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மாட்டை அவிழ்க்கப் போனான்.

பொழுது இறங்கி, மஞ்சள் வெயில் தரையோடு தரையாக வந்தபோது மறுபடி போனாள். வெளிறிய புழுதியில் நிழல் நீளமாகக் கிடந்தது. கருப்பில்லை. நல்ல கத்தரிப்பூ நிறம். நாற்பது வருஷமாக இதே மண்ணில் நடந்திருக்கிறாள்.

"வெரசா இங்க வாங்களேன்!"

அவன் மாட்டைக் கட்டிவிட்டு வருவதற்குள் பொழுது அடைந்துவிட்டது. "எங்க?"

"இப்ப இருந்துச்சு."

மறுநாள் படத்தின் முன்னால் நின்றவளிடம், "பிடிச்சிருக்கா செல்வி?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"வரைஞ்சவுகளுக்கும் கொஞ்ச நேரந்தாம்மா கெடைச்சிருக்கும். அதான் இப்பிடி அவசர அவசரமா அப்பியிருக்காக." கொஞ்சம் தயங்கினாள். "இன்னைக்கு மட்டும் நாலரைக்கு விடுவீகளா? பொழுதடையுமுன்ன ஊருக்குப் போகணும்."

டாக்டரம்மா படத்தையும் அவளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

ஓடிப்போய் பஸ் பிடித்தாள். ஊரில் இறங்கும்போது மேற்கே மழைக் கருக்கல் கட்டி வெயிலை மறைத்திருந்தது. மழை மேகத்தைப் பார்த்துச் செல்வலட்சுமி முகம் சுளித்தது அதுதான் முதல் தடவை.