தீவு விழாவில் ஒரு தலையாட்டி

இந்த நாட்டில் கோடை வந்தால் சனங்கள் ரிக்கற் எடுத்துப் பயப்படப் போகிறார்கள். நாங்கள் பயத்துக்குத் தப்பி வந்தவர்கள். இவர்களோ குளிர் முடிந்ததும் அதைத் தேடித் திரிகிறார்கள். நாங்கள் இருக்கும் பார்க்டேலில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி ஒரு விழாவைப் பற்றிச் சொல்லி எங்கள் மகள் ஆரணிக்கு ஆசை மூட்டிவிட்டதால், ஒரு ஞாயிறு நானும் கணவரும் அவளோடு ரொறன்ரோத் தீவுக்குப் படகேறினோம். அங்கே பழைய ஐரோப்பியப் பட்டணம் ஒன்றைப் பலகையாலும் துணியாலும் எழுப்பி, மத்தியகால விழா நடத்தினார்கள். வாசலில் இரும்புச் சட்டைக்காரன் ஈட்டியைக் குறுக்கே பிடித்து ஆட்களை மறித்தான். எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரின் கை தன்பாட்டில் அடையாள அட்டையைத் தேடியது.

"இஞ்சாருங்கோ, உது விளையாட்டு."

"ஓம், தெரியும்," என்றார். கை பைக்குள்ளேயே நின்றது.

உள்ளே எங்களைப் புல்லில் வரிசையாக இருத்தினார்கள். கறுப்புத் துணியால் தலையை மூடிய ஒருவன் வந்தான். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டைகள். அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ, அவரைக் கொண்டுபோய் மரச்சட்டத்தில் மாட்டி, தண்ணீர் ஊற்றுவார்கள். ஊரில் ஆமியின் சுற்றிவளைப்பு நடந்தால், ஆண்களைச் சாக்கு மூடிய ஒரு தலைக்கு முன்னால் வரிசையாக நடத்துவார்கள். காட்டிக்கொடுக்கும் அவனைத் தலையாட்டி என்போம். தலை ஆடாவிட்டால் வீடு, ஆடினால் ஆமி ட்ரக். என் கணவருக்கு ஆடவில்லை. அவருக்கு அடுத்து நின்ற என் தம்பிக்கு ஆடியது. அவன் திரும்பி வரவேயில்லை. ஆரணிக்கு இதெல்லாம் தெரியக் கூடாதென்று நாங்கள் இருவரும் வாயே திறப்பதில்லை.

அவள் துள்ளி எழும்பி அப்பாவைக் காட்டினாள். "மை டாட்! பிக் மை டாட்!"

கறுப்புத் தலை ஆடியது.

யாரும் சொல்லாமலே அவர் இரு கைகளையும் பிடரியில் கோத்துக்கொண்டு நடந்தார். முழங்காலில் இருந்தார். "ஐ டோன்ட் நோ எனிபடி, சேர்," என்றார். சனம் கைதட்டி ஆர்ப்பரித்தது. துணியைக் கழற்றியவன் செம்பட்டைத் தலை இளைஞன்; வியர்த்து, வாய் நிறையச் சிரித்தான். "யூ ஆர் குட்!" என்று, தண்ணீர் ஊற்றாமல் முகமூடியையே அவருக்குப் பரிசாகக் கொடுத்தான்.

திரும்பும் படகில் ஆரணிக்குப் பெருமை தாங்கவில்லை. "அப்பா குட் அக்டர், என்னம்மா?"

"ஓம் பிள்ளை," என்றேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் முகமூடியை மாட்டினாள். அப்பாவை உற்றுப் பார்த்தாள், தலையை ஆட்டவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள். முன்னால் நகரத்தின் கட்டடங்கள் கிட்டக்கிட்ட வந்தன. நான் என் பிள்ளையின் கண்கள் தெரிந்த அந்த இரண்டு ஓட்டைகளையும் பார்த்தபடி, மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன்.