குளியலறையிலிருந்து ஒரு 'உம்'

என் மனைவிக்கு வெள்ளிக்கிழமை தோறும் தலைவலி வந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை காலையில் போன இடம் தெரியாது. ஒரு மாதத்துக்கு மேல் இப்படியே போனது. வெள்ளிக்கிழமை அவள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள் என்பதால் நாங்கள் எண்ணெயைத்தான் குற்றவாளியாகப் பிடித்தோம். கடை எண்ணெயில் கலப்படம் என்று தீர்ப்பு சொல்லி, மயிலாப்பூர் போய்ச் செக்கு நல்லெண்ணெய் வாங்கி வந்தேன். அடுத்த வாரம் நாலு மிளகு போட்டுக் காய்ச்சிப் பார்த்தாள். அதற்கடுத்த வாரம் சீயக்காயின் மேல் சந்தேகம். குளித்துவிட்டுக் கண் சொருக நாற்காலியில் சாய்ந்தவளிடம், எண்ணெய் தேய்த்தால் அசதி இருக்கத்தான் செய்யும், பகலில் மட்டும் தூங்கிவிடாதே என்று புத்தி சொன்னேன். எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு ஒருவர் சுறுசுறுப்பாக இருந்தால்தான் எங்கள் குடும்பத்தில் கவலைப்படுவார்கள்.

அந்தத் தலைவலிக்கும் எங்கள் புதிய கீசருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இது எனக்கு உறைக்கவில்லை.

மந்தைவெளியில் எங்கள் அடுக்ககத்துக்கு வருவது போர்வெல் தண்ணீர். வாயில் வைத்தால் மெரினாவில் முங்கி எழுந்த மாதிரி இருக்கும். அந்த உப்பு ஏறிக் கரண்ட் ஹீட்டரின் கம்பிச்சுருள் மூன்றாம் முறை போனபோது எனக்குக் கோபம் வந்து, அதைக் கழற்றி எறிந்துவிட்டு கேஸ் கீசர் வாங்கினேன். சிலிண்டர் பின்பக்க பால்கனியில், கீசர் குளியலறைச் சுவரில். மாட்ட வந்தவர், ஜன்னலை எப்போதும் திறந்து வையுங்கள் என்று போகிற போக்கில் சொன்னார். நானும் தலையாட்டினேன். அடுத்த வாரமே அந்த ஜன்னல் வழியாகப் புறா வந்து கீசருக்குப் பின்னால் குச்சி அடுக்க ஆரம்பித்தது. ஐப்பசி மழையோடு கொசுவும் சேர்ந்துகொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, கண்ணாடிச் சட்டங்களை உருவிவிட்டு, பிளாஸ்டிக் தகடு ஒன்றை அளவாக வெட்டி வைத்து, சுற்றிலும் பசை போட்டு அடைத்தேன். ஒரு கொசு உள்ளே வரட்டும் பார்க்கலாம் என்று மனைவியிடம் சவால் வேறு விட்டேன். கொசு வரவில்லை. காற்றும் வரவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் மேல்நிலைப் பள்ளியில் முப்பது வருடம் வேதியியல் நடத்தியவன். போதிய காற்றில்லாமல் எரிந்தால் என்ன வாயு வரும் என்று எத்தனை பிள்ளைகளை பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்! கார்பன் மோனாக்சைடு, நிறம் கிடையாது, மணம் கிடையாது, இரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை பஸ்ஸில் துண்டு போட்டுப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொள்ளும் என்று உதாரணத்தோடு சொல்வேன். வகுப்பு சிரிக்கும். ஊருக்குத்தானே உபதேசம். வீட்டுக்கு வந்து ஜன்னலை அடைத்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க ஒரு பெண் பட்டினப்பாக்கத்திலிருந்து வருகிறாள். நாற்பது வயதிருக்கும். வாய் ஓயாது. அவள் பாத்திரம் தேய்க்கும் இடத்துக்கும் குளியலறைக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். என் மனைவி டிவி சீரியல் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. முந்தின ராத்திரி நடந்த கதையை இவள் இந்தப் பக்கம் உரக்கச் சொல்ல, அவள் அந்தப் பக்கம் குளித்துக்கொண்டே 'உம்' கொட்டுவாள். கதை சொல்கிறவளுக்கு உம் கொட்ட ஆள் வேண்டும், இல்லாவிட்டால் கதை நகராது. முன்னறையில் பேப்பர் படிக்கும் எனக்கோ அது பெரிய இம்சை. அவள் குளிக்கிற நேரத்திலாவது அமைதியாக இருக்கக் கூடாதா என்று அந்தப் பெண்ணிடம் ஒரு நாள் கடுமையாகவே சொன்னேன். இரண்டு நாள் உர்ரென்று இருந்தாள். மூன்றாம் நாள் சீரியல் மருமகளின் கதை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. விட்டுத் தொலை என்று பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அந்தக் கார்த்திகை வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே மழை. என் மனைவி எண்ணெய் வைத்து ஊறிவிட்டுக் குளிக்கப் போனாள். குளிருக்கு இதமாக வெந்நீரை விட்டுக்கொண்டே இருந்தாள் போலும். தண்ணீர் ஓடுகிற வரை அந்தக் கீசரும் எரிந்துகொண்டே இருக்கும். பின்கட்டில் கதை நடந்துகொண்டிருந்தது. சட்டென்று நின்றது. கை நிறையச் சோப்பு நுரையோடு அந்தப் பெண் முன்னறைக்கு வந்து நின்றாள்.

"சார், அக்கா உம்முனு சொல்லல."

தலை தேய்க்கும்போது காதில் விழுந்திருக்காது என்றேன்.

"இன்னா சார் நீ, மருமவ பொட்டியத் தூக்கினு வூட்ட வுட்டுப் போற கட்டம். மூணு தபா சொல்லிட்டேன். தண்ணி மட்டும் ஓடிக்கினே கீது."

எண்ணெய் அசதி, நீ போய் வேலையைப் பார், குளிக்கிறவளைப் போய்க் கதவைத் தட்டாதே என்றேன். சொல்லிவிட்டு நான் மறுபடி பேப்பரைப் பிரித்தேன். இதை எழுதும்போது கூசுகிறது, ஆனாலும் பிரித்தேன் என்பதுதான் உண்மை.

அவள் என் பேச்சைக் கேட்கவில்லை. கதவைத் தட்டினாள், கூப்பிட்டாள். பிறகு படாரென்று ஒரு சத்தம். நான் ஓடிப் போனபோது குளியலறையின் பிளாஸ்டிக் கதவில் தாழ்ப்பாள் பிய்ந்து தொங்கியது. நீ அங்கேயே இரு சார் என்று உள்ளேயிருந்து ஒரு அதட்டல். என் மனைவியின் மேல் துண்டைச் சுற்றிவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டாள். இருவரும் தூக்கி பால்கனிக்குக் கொண்டுவந்தோம். அதற்குள் எனக்கே தலை கிறுகிறுத்தது. மழைச்சாரல் முகத்தில் அடிக்க அவளைக் கிடத்தினோம். மூச்சு இருந்தது. கண் திறக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். இத்தனை வருடத்தில் நான் கூப்பிட்டு அவள் பதில் சொல்லாதது அதுதான் முதல் தடவை.

ஆம்புலன்ஸில் ஏற்றியதும் ஆக்சிஜன் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா, குளிக்கும்போது மயங்கிவிட்டாள் என்று நான் சொன்னதுமே நிமிர்ந்து, "பாத்ரூம்ல கேஸ் கீசரா சார்? ஜன்னல் இருக்கா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் எல்லாம் விளங்கிவிட்டது. நல்லெண்ணெய், மிளகு, சீயக்காய் எல்லோரும் நிரபராதிகள். எண்ணெய் போகத் தேய்க்க வெள்ளிக்கிழமை மட்டும் வெந்நீர் அதிக நேரம் ஓடியது, அவ்வளவுதான். ஜன்னல் இருந்தது டாக்டர், நான்தான் அடைத்தேன் என்றேன். என்ன தொழில் என்று அவர் கேட்காதது என் அதிர்ஷ்டம்.

இன்னும் ஐந்து பத்து நிமிடம் தாண்டியிருந்தால் சொல்வதற்கில்லை என்றார். சாயங்காலம் என் மனைவி கண் விழித்து, முகமூடியை விலக்கி முதலில் கேட்டது, "அடுப்பை அணைச்சீங்களா?" அணைத்தேன் என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

மறுநாளே தகட்டைப் பிய்த்து எறிந்தேன். கீசரைக் கழற்றி, திறந்த பால்கனியில் மாட்டி, குழாய் வழியாக வெந்நீரை மட்டும் உள்ளே விட்டோம். இருந்தாலும் மனசு ஆறவில்லை. இந்த வாயுவைக் கண்டுபிடித்துக் கத்துகிற கருவி ஒன்று வேண்டும் என்று தி.நகரில் கடை கடையாக ஏறினேன். ஒருவர் புகைக்கு அலாரம் காட்டினார், இன்னொருவர் சிலிண்டர் கசிவுக்கு. அவை வேறு, இது வேறு என்று கடைக்காரர்களுக்கெல்லாம் நின்று பாடம் நடத்தினேன். கடைசியில் ஆன்லைனில் கிடைத்தது. உள்ளங்கை அளவு வெள்ளைப் பெட்டி. இப்போது குளியலறைக் கதவுக்கு வெளியே சுவரில் இருக்கிறது. எங்கள் அடுக்ககத்தில் கேஸ் கீசர் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் போய், ஜன்னலைத் திறங்கள், இந்தப் பெட்டியையும் வாங்குங்கள் என்று நச்சரித்தேன். என்னைக் கண்டாலே லிஃப்டுக்குள் ஓடுகிறார்கள். ஓடட்டும், வாங்கிவிட்டு ஓடட்டும்.

அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. கடைசியில் ஒருநாள், "அன்னிக்கு என் பேச்சை நீ கேட்டிருந்தா அவ இன்னைக்கு இல்லைம்மா" என்றேன்.

"உன் பேச்ச யாரு சார் கேக்கறா" என்று சொல்லிவிட்டுக் குக்கரைத் தேய்த்தாள்.

அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமை, என் மனைவி குளியலறை வாசலில் தயங்கினாள். பெட்டியின் பொத்தானை அழுத்திக் காட்டினேன். வீடே அதிர அது கத்தியது. நல்லா வேலை செய்யுது, பயப்படாதே என்றேன். அவள் பெட்டியைப் பார்க்கவில்லை. பாத்திரம் தேய்க்கும் பக்கம் திரும்பி, "நீ கதையைச் சொல்லு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கதை தொடங்கியது. நானும் நாற்காலியைப் பின்கட்டுக்கு இழுத்து வந்து பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வீட்டை விட்டுப் போன மருமகள் திரும்பி வருகிற கட்டம். உள்ளே தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கதை சொல்கிறவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் கதவைப் பார்த்தேன்.

"உம், அப்புறம்?" என்றது உள்ளேயிருந்து. பிறகுதான் நான் பேப்பரைப் பிரித்தேன்.