ட்யூப்லைட்டில் பார்த்த ஃபிளாப்

பகல் இரண்டு மணிக்குச் சார்ட்டில் ‘நார்மல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ரிட்டயர் ஆன பிறகும் அந்தக் கையெழுத்து என்னை உறுத்துகிறது. பிளாஸ்டிக் சர்ஜரி வார்டுக்கு நர்ஸாகப் போகிற பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டும். தமிழ் வாசிக்க வராத பம்பாய்ப் பிள்ளைகளுக்கு வீட்டில் யாராவது வாசித்துக் காட்டுங்கள்.

எலும்பு வார்டில் பல வருஷம் இருந்துவிட்டு இந்த வார்டுக்கு மாற்றலாகி வந்து மூன்றாவது மாதம் அது. எல்லாம் தெரியும் என்கிற திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

1. பத்தொன்பதாம் பெட்

சுடலைமுத்து தாராவியில் லெதர் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தவர். நாற்பது வயது இருக்கும். ரிவர்ஸ் எடுத்த டெம்போ அவருடைய வலது கணுக்காலுக்குச் சற்று மேலே ஏறிவிட்டது. எலும்பு உடைந்ததோடு, அதை மூடியிருந்த தோலும் சதையும் பிய்ந்து போயின. அந்த இடத்தில் பக்கத்துச் சதையை இழுத்து மூடவும் வழியில்லை. எலும்பு திறந்தே கிடந்தால் சீழ் பிடிக்கும், பிறகு காலையே எடுக்க வேண்டியதுதான்.

அதனால் தொடையிலிருந்து உள்ளங்கை அளவுக்குத் தோலையும் சதையையும் ரத்தக் குழாய்களோடு எடுத்துக் காலில் வைத்தார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்து அந்தக் குழாய்களைக் கால் குழாய்களோடு தைத்தார்கள். ஃப்ரீ ஃபிளாப் என்பது இதுதான். தைத்த பிறகு முதல் மூன்று நாள் நர்ஸுகளின் பாடு. மணிக்கு ஒருமுறை சூடு, நிறம் பார்க்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் ரத்தம் திரும்புகிறதா, டாப்ளர் மெஷினில் நாடிச் சத்தம் கேட்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சுடலைமுத்துவுக்குச் சும்மா படுக்க வராது. இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கிக் காலைப் பார்ப்பார். அந்த அசைவில் தைத்த குழாய் மடங்கிவிட்டால் யார் பதில் சொல்வது? அடுத்த நாள் காலையில் காலுக்கு மேலே இரும்பு வளைவு வைத்து, அதன்மேல் போர்வையைப் போட்டு ஓரத்தைச் செருகிவிட்டேன்.

“பாத்துக்கிட்டே கெடந்தா ஆறிருமா? பேசாமப் படுத்திரும்,” என்றேன். அவருடைய மனைவியும் என் பக்கம்தான். “சிஸ்டர் சொல்லுதாவள்லா, கேளுங்க,” என்றாள்.

2. ஜன்னல்

அன்று விடாத மழை. வார்டில் பகலிலேயே எல்லா ட்யூப்லைட்டும் எரிந்தன. சாரல் அடிக்கும், ஃபிளாப்புக்குக் குளிர் ஆகாது என்று ஜன்னல்களை அடைத்துத் திரையும் போட்டிருந்தோம். ஒரு மணிக்கே அவர் ஆரம்பித்துவிட்டார்.

“சிஸ்டர், நீங்க போர்வையத் தூக்கும்போது பாத்தேன். காலையில இருந்த கலர் இல்ல.”

“நீரு டாக்டரா?”

“கலர் பாத்துத் தோல் பிரிக்கது என் வேல சிஸ்டர். ஒரு பேக்குக்கு முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே கலராப் பாத்து எடுக்கணும். ட்யூப்லைட்டுல எல்லா ப்ரவுனும் ஒண்ணுபோலத் தெரியும். நாங்க ஜன்னல்கிட்ட கொண்டுபோய்த்தான் பாப்போம். இதையும் ஒருக்கா வெளிச்சத்துல பாருங்களேன்.”

மாட்டுத்தோலும் மனுஷத் தோலும் ஒன்றா என்று கேட்டேன். பக்கத்து பெட்காரர் சிரித்தார். எனக்கும் பெருமையாக இருந்தது.

இரண்டு மணிக்குத் தொட்டுப் பார்த்தேன். சூடு இருந்தது. அழுத்தி விரலை எடுத்ததுமே ரத்தம் சட்டென்று திரும்பியது. டாப்ளரும் கேட்டது. ‘நார்மல்’ என்று எழுதினேன். சட்டென்று திரும்புவதுதான் ஆபத்து என்பதை நான் யோசிக்கவில்லை. உள்ளே போன ரத்தம் வெளியே வர வழியின்றித் தேங்கினாலும் ஆரம்பத்தில் சூடு இருக்கும், சத்தமும் இருக்கும். நிறம்தான் காட்டிக் கொடுக்கும். கறுத்த தோலில் அதுவும் லேசில் தெரியாது.

மூன்று மணிவரை அவர் விடவில்லை. அவர் வாயை அடைக்கத்தான் திரையை இழுத்து ஜன்னல் கதவைத் திறந்தேன். மழை வெளிச்சம் காலில் விழுந்தது. ஃபிளாப்பின் ஓரம் முழுக்க நாவல்பழக் கறைபோல இருந்தது. டாக்டருக்குப் போன் போட்டேன்.

டாக்டர் மேடம் ஓடி வந்தார். ஊசியால் குத்தியதும் கருஞ்சிவப்பாக ரத்தம் வந்தது. “வெயின் அடைச்சிருக்கு. உடனே தியேட்டர்,” என்று இந்தியில் சொன்னார். வெயின் என்பது ரத்தம் வெளியே வரும் குழாய். ஸ்ட்ரெச்சரைத் தள்ளும்போதே, “கிஸ்னே தேகா?” என்று கேட்டார். யார் பார்த்தது என்று.

“மேனே, மேடம்,” என்றேன். நான்தான் என்று.

ஸ்ட்ரெச்சரில் கிடந்தவருக்கு என்னைவிட நன்றாக இந்தி வரும். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

3. நான்கு நாள்

உறைந்திருந்த ரத்தக்கட்டியை எடுத்து வெயினை மறுபடி தைத்தார்கள். ஃபிளாப் பிழைத்தது. மறுநாள் ரவுண்டில் மேடம் மாணவர்களிடம் என்னைக் காட்டி, கவனிப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார். அதுவும் பத்தொன்பதாம் பெட்டுக்கு முன்னால் நின்று. சுடலைமுத்து கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. செம்பூர் வீட்டில் சோறு இறங்கவில்லை. வார்டில் அவர் பெட்டை மட்டும் வேகமாகக் கடந்து போனேன். எவ்வளவு பெரிய மனசு இந்த மனுஷனுக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொன்னால் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

நான்காம் நாள் டிரெஸ்ஸிங் மாற்றும்போது கேட்டுவிட்டேன். “நீருதான் பாத்தீரு. ஏன் மேடத்துக்கிட்ட சொல்லல?”

அவர் மனைவி வெளியே போயிருக்கிறாளா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார். “மணிக்கு மணி நீங்கதான வந்து பாக்கணும் சிஸ்டர். உங்களப் பகச்சுக்கிட்டு நான் இந்தக் கால எப்படிக் காப்பாத்த?”

பெரிய மனசு என்று நான் நினைத்தது முழுக்கப் பயம். என்னைக் கண்டு பயம்.

அடுத்த ரவுண்டில் அதே மாணவர்களுக்கு முன்னால், அவர் காதில் விழும்படி, நடந்ததை மேடத்திடம் சொன்னேன். திட்டு கிடைத்தது. கிடைக்க வேண்டியதுதான். போர்வையை நானே எடுத்தேன். அவர் தலையைத் தூக்கி ஆசை தீரக் காலைப் பார்த்தார்.

பிள்ளைகளே, ஃபிளாப் பார்க்கும் முறையை யார் வேண்டுமானாலும் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். நான் சொல்வது ஒன்றுதான். பெட்டில் கிடக்கிறவர் பேசாமல் இருந்தால், அதை ‘நார்மல்’ என்று எழுதிவிடாதீர்கள்.