சம்பள உயர்வைத் தடுக்கப் போன கதை

சம்பளத்தை உயர்த்த வேண்டாம் என்று மன்றாடுவதற்காக ஒரு பனியன் கம்பெனிக்குப் போய் வந்திருக்கிறேன். கூட வந்தவர் அந்தச் சம்பளத்தை வாங்க வேண்டியவர்.

எங்கள் மாடியில் குடியிருக்கும் அம்மா தூத்துக்குடிப் பக்கம். கல்யாணமான கையோடு திருப்பூர் வந்து ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்தவர். கணவர் கட்டிங் மாஸ்டராக இருந்தார். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபின் ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ், குடிக்கும் தண்ணீருக்கும் அளவு. மனைவியின் சம்பளத்தில் பிடிக்கும் தொழிலாளர் காப்பீட்டில், ஒரு தனியார் மருத்துவமனையில், கைக்காசு செலவில்லாமல் நடக்கிறது. நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கிளெய்ம் பிரிவிலேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவன். அதனால் மாடிக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் படியிறங்கி என்னிடம் வந்துவிடும்.

அன்று அழுத முகத்தோடு வந்தார். "சார், என்னைய லைன் சூப்பர்வைசராப் போடப் போறாங்களாம்."

"நல்ல விஷயம்தானே?"

"சம்பளம் காப்பீட்டு வரம்பத் தாண்டுது. கார்டு போயிரும்னு ஆபீஸ்ல சொல்லுதாங்க."

"உடனே போகாது. அரையாண்டு முடியும்வரை ஓடும். அதன் பிறகும் சில மாதம் சிகிச்சை உண்டு."

"அதுக்குப் பொறவு?"

விதிகள் அனைத்தும் தெரிந்தவனிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. மாநில அரசின் காப்பீட்டுக்கு வருமான வரம்பு இன்னும் கீழே. இப்போது வாங்கும் சம்பளத்துக்கே அதில் இடமில்லை. அரசு மருத்துவமனையில் மெஷின் இருக்கிறது, வரிசையும் இருக்கிறது. டயாலிசிஸ் வரிசை பார்த்து நிற்கிற நோயல்ல. தனியார் பாலிசி கிடைக்குமா என்று எனக்குப் பழக்கமான ஒரு முகவரிடம் கேட்டேன். நோயைச் சொன்னதும், "உங்களுக்கு வேணும்னா ஒண்ணு போட்டுக்கலாம் சார்" என்றார் அன்பாக.

இந்தக் காப்பீட்டு மாடிப்படியைக் கட்டியவன் நடுவில் நாலு படியை விட்டுவிட்டான் என்றுதான் தோன்றுகிறது. ஏழை என்றால் ஒரு காப்பீடு, தொழிலாளி என்றால் ஒன்று, பணக்காரன் என்றால் காப்பீடே தேவையில்லை. ஏறுகிறவன் இடையில் விழுந்தால் பிடிக்க ஆளில்லை. காப்பீடு சம்பளச் சீட்டோடு ஒட்டியிருக்கக் கூடாது, ஆளோடு இருக்க வேண்டும். சம்பளம் கூடினால் சந்தா கூடட்டும், வேலை போனால் அரசு கட்டட்டும். நோயாளியைச் சேர்க்க மாட்டேன் என்று சொல்ல எந்த நிறுவனத்தையும் விடக்கூடாது. எனக்கு நோயில்லை என்று திடகாத்திரமானவனும் விலகி நிற்கக்கூடாது. அவன் சந்தாவில்தான் இவர் ரத்தம் சுத்தமாகும். இதையெல்லாம் மாடியில் விளக்கிச் சொன்னேன். கட்டிலில் படுத்திருந்த கணவர் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரி சார். இப்போ நான் செத்தா இவளுக்குச் சம்பளம் கூடும், அப்படித்தான?"

"வாய மூடுங்க" என்றார் மாடிவீட்டம்மா.

மறுநாள் இருவரும் கம்பெனிக்குப் போனோம். முதலாளி எழுந்து நின்றே வரவேற்றார். "வாங்க சார், உக்காருங்க. ஏனுங்க, சம்பளம் வேண்டாம்னு சொல்றதுக்குச் சிபாரிசுக்கு ஆளா? எங்க யூனியன்காரங்களுக்கு அம்மிணியக் கொஞ்சம் கிளாஸ் எடுக்கச் சொல்லோணுங்க."

நிலைமையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். கல்நெஞ்சக்காரர் அல்ல. "வேற ஆளு போடலாம்னா அம்மிணி அளவுக்கு லைனை ஓட்ட ஆளில்லீங்க. டெய்லர் சம்பளத்துலயே சூப்பர்வைசர் வேல பாக்கட்டுமுங்களா?"

"துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆடிட் வருமே" என்றேன். வேலைக்கேற்ற சம்பளம் தராவிட்டால் ஆர்டர் போய்விடும் என்பதும் எனக்குத் தெரிந்த விதிதான்.

"ஆடிட் அன்னைக்கு அம்மிணி மெஷின்ல உக்காந்துட்டாப் போச்சுங்க. சூப்பர்வைசரா எங்க மச்சினன் பையன் நிப்பானுங்க."

மாடிவீட்டம்மா என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். சரி என்று அவரே சொன்னார். சிகிச்சையைக் காப்பாற்றப் போன நான், முதலாளிக்கு ஒரு சூப்பர்வைசரைக் காசில்லாமல் பிடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

ஆடிட் முடிந்த மாலை படியில் அவரைப் பார்த்தேன்.

"எப்படிப் போச்சு?"

"நல்லாத்தான் போச்சு. அந்தப் பையன் எனக்குத் தைக்கச் சொல்லிக் குடுக்க மாதிரி போட்டோ எடுத்தாங்க. ஊசில நூலு கோத்திருக்கான்னுகூடத் தெரியல அவனுக்கு." சிரித்தார். "வந்த மேடம், இத்தன வருசமா ஏன் ஒரே வேலையில இருக்கீங்கன்னு கேட்டாங்க. பழகிட்டுன்னேன்."

பையைத் தோளில் மாற்றிக்கொண்டார். "ஒண்ணு கேக்கணும் சார். யூனியன் ஒப்பந்தத்துல டெய்லருக்கும் கூலி ஏறிக்கிட்டேதான வருது? நான் சும்மா மெஷின்ல இருந்தாலும் ஒருநாள் அந்த வரம்பத் தாண்டிருவேன்லா?"

தாண்டுவார். கூலி எப்போது ஏறும் என்பது ஒப்பந்தத்தில் இருக்கிறது. வரம்பு எப்போது ஏறும் என்பது நான் படித்த எந்த விதியிலும் இல்லை.

"அதுக்குள்ள வரம்பை ஏத்திடுவாங்க" என்றேன்.

"ஏத்தலேன்னா?"

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "அவருக்குத் தண்ணி அளந்து குடுக்கணும் சார்" என்று மேலே ஏறிப் போனார்.