சாரதா ஸ்லைடில் ஏறிய கதை

போன திங்கட்கிழமை காலை. பட்டறையைத் திறந்து விளக்குகூடப் போடவில்லை, சாரதா என் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"ஏனுங்கக்கா... என்னையப் பத்திக் காலேஜுல படம் போட்டுக் காட்டுனாங்களாமா?"

"எந்தக் காலேஜு சாரதா?"

"நம்ம நிவேதா கண்ணு படிக்கற காலேஜுதானுங்க."

 

புதிதாகப் படிப்பவர்களுக்கு: கோயமுத்தூர் கணபதியில் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு சின்ன மோட்டார் பட்டறை நடத்துகிறோம். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். மில்களிலிருந்து எரிந்துபோன பழைய மோட்டார்கள் வரும். பிரித்துப் பார்த்து, எந்தக் கம்பி, எத்தனை சுற்று என்று சொல்லி, திரும்பச் சுற்றித் தரும் வைண்டிங் வேலை சாரதாவுடையது. பதினாலு வருஷமாக. மற்ற ஐந்து பேரும் செய்வது, அவர் சொல்வதைத்தான்.

நிவேதா எங்கள் மகள். பீளமேட்டில் ஐடி வேலை, சனி ஞாயிறு எம்பிஏ. அதில் சேர்ந்ததிலிருந்து அவளோடு சாதாரணமாகப் பேசவே முடிவதில்லை. குழம்பில் உப்பு கூடிவிட்டால் "ரூட் காஸ் என்னம்மா?" என்கிறாள். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது போன் பண்ணி அரை மணி நேரம் அறுத்தாயே, அதுதான் ரூட் காஸ்!

உள்ளூர் நிறுவனம் ஒன்றை ஆராய்ந்து வகுப்பில் பேச வேண்டும் என்று ப்ராஜெக்ட். இவளுக்கு அலைய நேரமில்லை. அப்பாவின் பட்டறையையே எடுத்துக்கொண்டாள். "பேரெல்லாம் மாத்திட்டேம்மா, ஏபிசி மோட்டார்ஸ்னு போட்டிருக்கேன்." சரி... கணபதி, ஆறு பேர், மில் மோட்டார், வைண்டிங்குக்கு ஒரு பெண். கோயமுத்தூரில் இதற்குமேல் விலாசம் வேண்டுமா?

சனிக்கிழமை வகுப்பில், கடைசி ஸ்லைடில் சிவப்பு எழுத்தில் போட்டாளாம் — 'இந்த ஒரு ஊழியர் விலகினால் நிறுவனம் நின்றுவிடும்.'

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் யார்? வார இறுதி எம்பிஏ-வில் சின்னப் பிள்ளைகளா உட்கார்ந்திருப்பார்கள்? பாதிப் பேர் ஊரில் உள்ள கம்பெனிகளில் பொறுப்பில் இருப்பவர்கள். கடைசி வரிசையில் ஒரு மோட்டார் கம்பெனியின் ப்ரொடக்‌ஷன் மேனேஜர். "பிரமாதமான ப்ரசன்டேஷன்" என்று இவளுக்குக் கை கொடுத்திருக்கிறார். மறுநாள் சாயங்காலம் சாரதா வீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறார். சூப்பர்வைசர் வேலை, வாசலுக்கே வேன்.

மகளுக்குப் போன் போட்டேன்.

"அது ரிஸ்க் அனாலிசிஸ்மா. கிளாஸ்ல பேசறது வெளிய போகக்கூடாதுன்னு ரூல் இருக்கு."

"அந்த ரூலை அந்த மனுசன் படிக்கலியாக்கும்?"



அதற்குள் வீட்டுக்காரர் வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார். "உக்காருங்க சாரதா." பதினாலு வருஷத்தில் முதல் தடவை! "சூப்பர்வைசர்தானே? நாளைக்கே லெட்டர் அடிச்சுத் தாரேன். வேன் நம்மகிட்ட இல்ல, நானே வண்டில கொண்டாந்து உடறேன்."

சாரதா சிரித்துவிட்டார். "நீங்க வண்டி ஓட்டறது எனக்குத் தெரியுமுங்கண்ணா. நான் நடந்தே போயிக்கறேன்." பிறகு சொன்னார், "அங்க நான் போகலீங்க. முடியாதுன்னு நேத்தே சொல்லிப்போட்டேன்."

அப்பாடா என்று மூச்சு விட்டேன். பாதி மூச்சுதான் விட்டிருப்பேன்...

"இங்கயும் இருக்கலீங்க. நான் இல்லீன்னா ஒரு கம்பெனி நின்னு போகுமுன்னா, நானா ஒண்ணு ஆரம்பிச்சா ஓடுமுங்கல்ல? ஊட்டுக்கு முன்னால ஷெட்டு சும்மாதான் கெடக்குது. ஒரு மெஷின் போட்டுக்கறேன். உங்க வைண்டிங் வேலைய அங்க குடுத்துடுங்க, சுத்தித் தாரேன். மொத ஆர்டர் நீங்கதான் குடுக்கோணுமுங்க."

வீட்டுக்காரர் சண்டைக்குக் கிளம்புவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க பழைய மொதலாளிகிட்ட நானும் இதையேதான் சொல்லிட்டு வந்தேன்" என்றார் மெதுவாக. "அன்னிக்கு அவுரு ஏன் ஒண்ணும் பேசலைன்னு இப்பத்தான் தெரியுது."

இந்த ஊரில் எந்த ஷெட்டைப் பார்த்தாலும் இன்னொரு ஷெட்டிலிருந்து கிளம்பி வந்ததாகத்தான் இருக்கும். இது எந்த சிலபஸில் இருக்கிறது?

ஆர்டர் கொடுத்துவிட்டோம். வேறு வழி? கையில் நாலு மோட்டார், எங்களுக்கென்று சுற்றத் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான். சாயங்காலம் வந்த மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அம்மா, இது செம கேஸ் ஸ்டடி!" என்று துள்ளினாள். "வாயத் தொறந்தீன்னா பாரு" என்றேன்.

அவள் மேல் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. 'நீங்கள் இல்லாவிட்டால் இந்தப் பட்டறை ஓடாது' — இந்த ஒரு வாக்கியத்தைப் பதினாலு வருஷத்தில் ஒரு நாளாவது நாங்கள் சாரதாவிடம் சொல்லியிருக்கிறோமா?

சொன்னதே இல்லை. சொன்னால் நம்பிவிடுவாரே என்ற பயம்தான்!