பாதி வாக்கியத்தில் விற்றுப்போன ஆம்பர்

வாசகரே, உங்களைக் கேட்காமலேயே சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பு வழங்க வேண்டியதில்லை. நான் சொன்னது எது, நான் சொன்னதாக ஊருக்குக் காட்டப்பட்டது எது, இரண்டையும் முழுவதுமாகக் கேட்ட ஒருவர் எங்கேனும் இருந்தால் போதும். அந்த ஞாயிற்றுக்கிழமை அறையில் இரண்டே பேர்தான் இருந்தோம். ஒருவன் நான். மற்றவன் எனக்காகச் சாட்சி சொல்ல வரமாட்டான்.

பதினான்கு வயதில் மேடை ஏறியவன் நான். இடைநிலைப்பள்ளி, பல்கலைக்கழகம், மாநில அணி என்று பன்னிரண்டு ஆண்டுகள் வாதம் செய்தே வளர்ந்தேன். இப்போது ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமைகளில் மலேசியாவின் ஜொகூர் மாநிலம் முழுவதும் மாணவர்களின் தமிழ் விவாதப் போட்டிகளுக்கு நடுவராகச் செல்கிறேன். சம்பளம் கிடையாது. மதிய உணவும், கழுத்தில் போடும் ஒரு துண்டும் உண்டு. ஆனால் அந்த நடுவர் நாற்காலிதான் என் சொத்து. நான் எழுபது என்று எழுதினால் அது எழுபதுதான். தோற்ற அணியின் பெற்றோர்கூட என்னிடம் வந்து ஏன் என்று கேட்பார்களே தவிர, யார் சொல்லி இப்படிப் போட்டாய் என்று இதுவரை கேட்டதில்லை. அந்தப் பெருமை எனக்கு உண்டு என்பதை மறைக்கப் போவதில்லை.

மற்றவன் ஆறு ஆண்டுகள் எனக்கு இரண்டாம் பேச்சாளனாக இருந்தவன். பாலோ என்ற சிற்றூரிலிருந்து வந்தவன். நான் கட்டும் வாதத்திற்குச் செங்கல் எடுத்துக் கொடுப்பது அவன் வேலை. எதிரணி பேசும்போது குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருப்பான். என் முறை வரும்போது சரியான சீட்டு என் கையில் இருக்கும். படிப்பு முடிந்து பாசிர் கூடாங்கில் ஒரு இரசாயன ஆலையில் ஷிப்ட் வேலைக்குப் போனான். விடுமுறை நாள்களில் சிங்கப்பூரில் ஒரு சிறிய பியர் ஆலையில் தொட்டி கழுவப் போய், கழுவியதோடு நிற்காமல் காய்ச்சும் வித்தையையும் கற்றுக்கொண்டான். பியரை வாயில் வைத்து நிதானிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவனும் அவன்தான். குளிர்ச்சி கொஞ்சம் அடங்கட்டும், முதலில் மூக்கு, பிறகு நாக்கு, விழுங்கிய பின் பத்து விநாடி வாயைத் திறக்காதே என்பான். "லாகர்ல வெண்ணெ வாடை வந்துச்சுன்னா அவசரப்பட்டுட்டான்னு அர்த்தம்டா. வேற ஒண்ணும் இல்ல." இது அவன் சொல்லிக்கொடுத்த பாடம். இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்ற ஆண்டு வேலையை விட்டான். உரிமம் பெற்ற ஒரு சிறு ஆலையில் தொட்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தன் சொந்தக் கணக்கில் ஆம்பர் லாகர் என்னும் செம்பொன் நிறப் பியர் ஒன்றைக் காய்ச்சினான். ஜொகூர் பாருவில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இயங்கும் மதுக்கூடம் அதை வைத்துப் பார்க்கச் சம்மதித்திருந்தது. பகுதி நேரமாக அவனே அங்கு குழாய்க்குப் பின்னால் நின்று ஊற்றுவான். விற்பனைக்கு வருமுன் நான் ருசி பார்த்து மதிப்பெண் போட வேண்டும் என்றான்.

நான் ஒப்புக்கொண்டதை விளையாட்டாகச் செய்யவில்லை. இரண்டு நாள் மிளகாய்ச் சம்பல் தொடவில்லை. அன்று காலை வாசனைச் சோப்புகூடப் போடவில்லை. விவாத மதிப்பெண் தாளை மாதிரியாக வைத்து ஐந்து கட்டங்கள் போட்டுக்கொண்டு போனேன்: நிறம், மணம், சுவை, உடல் என்கிற வாயில் உணரும் கனம், விழுங்கிய பின் மிஞ்சும் முடிவு. ஒவ்வொன்றுக்கும் இருபது.

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. கடை இன்னும் திறக்கவில்லை. நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தன. சன்னல் ஓரமாக ஒரு மேசையைத் துடைத்து, ஒரு கண்ணாடிக் குவளை, தண்ணீர், உப்பில்லாத பிஸ்கட் வைத்திருந்தான். எதிரே கைப்பேசியைத் தாங்கியில் நிறுத்தினான்.

"இது எதுக்கு?" என்றேன்.

"ஆலைக்காரனுக்கு அனுப்பணும்டா. நான் குறை சொன்னா பழிய என் தலையிலயே கட்டுவான். நடுவர் சொல்றாருன்னா கொஞ்சம் கேப்பான்."

"அவரு சீனர். நான் தமிழ்ல பேசி அவருக்கு என்ன புரியும்?"

"நீ பேசு லா. மலாய்ல மாத்தி நான் குடுத்துக்குறேன். ஒன்னால தமிழ்லதானே அழகா பேச முடியும்."

கடைசி வாக்கியத்தில் மயங்கினேன். அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

குவளையை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தேன். பால் ஊற்றாத கடுந்தேநீரை, நம் ஊர் தே ஓவை, வெயிலில் தூக்கிப் பார்த்தால் ஒரு செம்பொன் ஓடுமே, அந்த நிறம். நுரை வெளிர்மஞ்சளாக, கலையாமல் நின்றது. பதினேழு போட்டேன். முகர்ந்தேன். முதலில் ரொட்டியின் கருகிய ஓரம் வந்தது, மகிழ்ச்சியாக இருந்தது. இரண்டாவது முறை முகர்ந்தபோது அதன்மேல் வேறொன்று ஏறி உட்கார்ந்தது. திரையரங்கில் சோளப்பொரி வாளியைத் திறந்தால் வருமே, அந்த வெண்ணெய். மூன்றாவது முறையும் அதுவே. ஒன்பது. சுவையில் பாகுச் சர்க்கரை இருந்தது, மெல்லிய கசப்பும் இருந்தது. ஆனால் வெண்ணெய் எல்லாவற்றையும் பூசி மெழுகிவிட்டது. பதின்மூன்று. உடல், பன்னிரண்டு. விழுங்கி, அவன் கற்றுக்கொடுத்தபடியே பத்து விநாடி வாயை மூடிக்கொண்டிருந்தேன். நாக்கில் எண்ணெய்ப் படலம் போல ஒன்று மிஞ்சியது. முடிவுக்கு ஏழு.

"எத்தன நாள் வெதுவெதுப்புல விட்ட?" என்றேன். லாகர் புளித்து முடியும் தறுவாயில் சில நாள் சூட்டைக் கொஞ்சம் ஏற்றி வைத்தால் ஈஸ்ட் தான் உண்டாக்கிய வெண்ணெய் வாடையைத் தானே தின்று தீர்த்துவிடும். அதுவும் அவன் பாடம்தான்.

"விடல. தொட்டிக்கு அடுத்த ஆளு காத்துக்கிட்டு இருந்தான். நேரா குளுர்ல போட்டுட்டேன்." குரல் தாழ்ந்திருந்தது. "ரொம்பத் தெரியுதா?"

கைப்பேசியைப் பார்த்து என் தீர்ப்பைச் சொன்னேன். மேடையில் நான் பேர் வாங்கியதே ஏற்றி இறக்கும் பாணியால்தான். எதிராளியின் வாதத்தை உச்சிக்குத் தூக்கிச் சென்று, கைதட்டலாமா என்று அவை யோசிக்கும் கணத்தில், கடைசிச் சொல்லில் கீழே விடுவேன். அன்றும் அப்படித்தான் கட்டினேன். என் வாக்கியம் இது: "வறுத்த தானியமும் கருகுமுன் இறக்கிய சர்க்கரையும் இதில் கூடி நிற்கின்றன, அவற்றின் மேலே வெண்ணெய் மணக்கிறது, இப்படியொரு லாகரை நான் இதுவரை குடித்ததே இல்லை, ஏனென்றால் பொறுத்திருந்து எடுத்த எந்த லாகரிலும் வெண்ணெய் மணப்பதில்லை. நூற்றுக்கு ஐம்பத்தெட்டு."

அவன் கைப்பேசியை எடுத்துப் பையில் போட்டான். குவளையைக் கழுவினான். "சரிடா. நியாயமாத்தான் சொல்லியிருக்க," என்றான். நண்பனிடம் கடுமையாக இருக்க முடிந்ததே என்று படியிறங்கும்போது எனக்குள் ஒரு மிதப்பு. அதையும் மறைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, சனிக்கிழமை. ஒரு பள்ளி மண்டபத்தில் காலிறுதிக்கு நடுவராக உட்காரப் போகிறேன். பெயர் அட்டைகூட மேசையில் வைத்தாகிவிட்டது. போட்டிக்குப் பொறுப்பான ஆசிரியை என்னை வெளியே அழைத்தார்.

"தம்பி, இது நீங்கதானே?"

அவர் கைப்பேசியில் நான். சன்னல் வெளிச்சத்தில், கையில் குவளையோடு. வறுத்த தானியம், சர்க்கரை, வெண்ணெய், "இப்படியொரு லாகரை நான் இதுவரை குடித்ததே இல்லை." அங்கே படம் உறைந்தது, இசை எழுந்தது, கீழே மதுக்கூடத்தின் முகவரி. மேலே 'மாநில விவாத நடுவரின் தீர்ப்பு' என்று பெரிய எழுத்து.

"டீச்சர், இது பாதிதான். நான் ஐம்பத்தெட்டுதான் போட்டேன். இது குறை சொன்ன பேச்சு."

"இருக்கலாம் தம்பி. நீங்க குடிச்சது ஒங்க சொந்த விஷயம், அத நான் கேக்கல. ஆனா நடுவர்னு பேரப் போட்டு ஒரு சாமானுக்கு விளம்பரம் பேசியிருக்கீங்க. இன்னைக்கு நீங்க ஒரு அணிய தோக்க வச்சா, இவரு வெல போற ஆளுதானேன்னு பெத்தவங்க ஒரு வார்த்த சொன்னா நான் என்ன பதில் சொல்றது?" அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் வாதாடியிருப்பேன். "இன்னைக்கு வேற ஆள உக்கார வச்சுட்டேன். சாப்புட்டுட்டுப் போங்க."

சாப்பிடவில்லை. மண்டபத்திற்குள் என் பெயர் அட்டையை ஒரு மாணவி எடுத்துக் கவிழ்த்து வைப்பதைப் பார்த்துவிட்டு, நேரே மதுக்கூடத்திற்குப் போனேன்.

மாலை ஐந்து மணிக்கு அங்கே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். சுவரில் தொங்கிய திரையில் நானே சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டிருந்தேன். முகப்பு மேசையில் உட்கார்ந்திருந்த நடுவயதுக்காரர் ஒருவர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, அந்த ஆளு நீங்கதானா? நீங்க சொன்னது சரி லா. அந்த வெண்ணெ இருக்கே, அதுக்கே வரலாம்."

"அண்ணே, அது குறைண்ணே."

"எது குறை?"

"வெண்ணெய்."

அவர் தம் குவளையை ஒருமுறை முகர்ந்து பார்த்தார். "எனக்கு நல்லாத்தான் இருக்கு," என்று மீண்டும் குடித்தார்.

குழாய்க்குப் பின்னால் அவன் நின்றான். என்னைக் கண்டதும் ஒரு குவளையை எடுத்தான்.

"எனக்கு வேணாம். அத எடு. திரையிலயும் எடு, ஃபோன்லயும் எடு."

"எடுக்குறேன்டா. இந்த ரெண்டு பேரல் முடியட்டும். ஆளுங்க கேட்டு வந்து குடிக்கிறாங்க, பாத்தல்ல."

"ஆலைக்காரனுக்குன்னு சொன்ன."

"அவனுக்கும் அனுப்புனேன்."

"இன்னைக்கு என்ன நாற்காலிலேருந்து எழுப்பிட்டாங்கடா. ஒன்னால."

அவன் முகம் ஒரு கணம் மாறியது. வருந்துகிறான் என்றே நினைத்தேன். பிறகு துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "நான் ஒரு வார்த்தை சேத்தனா? எல்லாம் ஒன் வாயிலேருந்து வந்ததுதானே. நிறுத்துன எடம் மட்டுந்தான் என்னுது. குளுவாங் ஃபைனல்ல அந்தப் பொண்ணு சொன்னத நீ எங்க நிறுத்துன?"

உங்களிடம் இதைச் சொல்லாமல் விட்டால் நானும் பாதி வாக்கியம் பேசியவனாவேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் குளுவாங் ஊரில் நடந்த இறுதிப்போட்டியில், தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளைப் பற்றிய வாதம் அது. எதிரணித் தலைவி சொன்னது: "பிள்ளைகள் இல்லாத பள்ளியை மூடலாம் என்று நானே சொல்வேன், ஆனால் ஒரு பேருந்து விட்டுப் பார்த்த பிறகு." இவன் முழுவதையும் சீட்டில் எழுதிக் கொடுத்தான். நான் 'ஆனால்' என்ற சொல்லுக்கு முன்பே கோடு போட்டு நிறுத்தி, 'மூடலாம் என்று எதிரணித் தலைவியே சொல்லிவிட்டார்' என்று முழங்கினேன். கைதட்டல் எழுந்தது. அவள் கையை உயர்த்தினாள். என்னுடையது நிறைவுரை என்பதால் மறுத்துப் பேச அவளுக்கு நேரமில்லை. கோப்பையை நாங்கள் தூக்கினோம்.

"அன்னைக்கு நான் கேட்டேன், முழுசா படிக்கலையாடான்னு. 'பாதி போதும்'னு சொன்னது யாரு?" என்றான்.

எதிர்வாதம் ஒன்றை எடுத்தேன். அது நேர்மையான வாதம் என்றே இன்றும் நினைக்கிறேன். நான் வெட்டியது எதிரணியின் பேச்சை, அவன் வெட்டியது தன் அணியின் பேச்சை. எதிரணியின் முன்னால் எச்சரிக்கையோடு உட்காருவோம். பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்ப்பவர் யார்? நான் செய்தது தவறு. அவன் செய்தது துரோகம். ஆனால் இதை அவனிடம் சொன்னபோது அவன் தோளைக் குலுக்கினான். "அது அந்தப் பொண்ணுகிட்ட கேளு, வித்தியாசம் தெரியுமான்னு."

அப்போது ஒன்று தெளிவாயிற்று. அவன் அந்தச் சீட்டை நான்கு ஆண்டுகளாக மனத்துக்குள் வைத்திருந்தான். என்னைத் திருத்துவதற்காக ஒருநாளும் எடுத்துக் காட்டவில்லை. எனக்கு எதிராக வேண்டிவரும் என்று மடித்து வைத்திருந்தான். வெண்ணெயைவிட அதுதான் வாயில் ஒட்டிக்கொண்டது.

நான் அறையின் நடுவே வந்து நின்றேன். ஒலிபெருக்கி எனக்கு எப்போதும் தேவைப்பட்டதில்லை. திரையில் இருப்பவன் நான்தான், அவன் சொன்னது இதுதான் என்று, வறுத்த தானியத்திலிருந்து ஐம்பத்தெட்டு வரை என் வாக்கியத்தை ஓர் எழுத்து குறையாமல் அந்த அறைக்குச் சொன்னேன். யாரோ சிரித்தார்கள். யாரோ கைதட்டினார்கள், எதற்கென்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. என் நண்பன் குழாயைப் பிடித்தபடி அசையாமல் நின்றான்.

முகப்பு மேசைக்காரர் மட்டும் அக்கறையாகக் கேட்டார். "தம்பி, இது இன்னைக்கு மட்டுமா, இல்ல தெனமும் உண்டா?"

அவருக்குப் பதில் சொன்னேன், கண்ணை அவனிடமிருந்து எடுக்காமல்: "அண்ணே, இந்த ஆம்பர் இங்க ஊத்துற வரைக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வருவேன். மொதல்ல குளுவாங்ல நான் வெட்டுன அந்தப் பொண்ணோட வாக்கியத்த முழுசா சொல்லுவேன். அதுக்கப்புறம் இவன் வெட்டுன என் வாக்கியத்த முழுசா சொல்லுவேன். ரெண்டையும் சொல்லி முடிக்காம இந்தப் படிய எறங்க மாட்டேன்."